மலைக்குளிரில் ஜெல்கோட்: மோல்டு பரப்பின் குறையைப் பார்த்துக் காரணம் பிடிப்பது

கோயம்புத்தூரில் கை பழகிய ஃபைபர்காரர் அதே ஜெல்கோட் டின்னையும் அதே ஹார்டனரையும் ஏற்றிக்கொண்டு மலையேறி வந்து, அதே அளவில் கலந்து மோல்டு போட்டால், கீழே வந்த பரப்பு இங்கே வராது. ஜெல்கோட் என்பது ஃபைபர் பொருளின் வெளித்தோலாக முதலில் பூசும் நிற ரெசின், ஹார்டனர் அதை இறுக வைக்கும் திரவம், மோல்டு என்பது அச்சு. டின்னோடு வரும் அளவும் நேரமும் பெரும்பாலும் 25 டிகிரி செல்சியஸை வைத்து எழுதியவை. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கொடைக்கானல் 2,100 மீட்டரை ஒட்டி. குன்னூரும் கோத்தகிரியும் அதற்குக் கொஞ்சம் கீழே, அவ்வளவுதான். சீசன் நேரத்தில்கூடக் காலையில் ஷெட்டுக்குள் 15 டிகிரிக்கு மேல் ஏறாத நாள் உண்டு. ஜனவரி விடியலில் புல்லெல்லாம் உறைபனி.

இந்தப் பக்கம் ஃபைபர் வேலைக்குப் பஞ்சமில்லை. ஏரிக்கு அன்னப் படகு, ரிசார்ட் வாசலுக்குக் காட்டெருமை, நர்சரிக்குத் தொட்டி, கடைக்குப் பெயர்ப்பலகை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பீஸில் ஒரு குறை வந்தால் அந்தப் பீஸோடு போய்விடும். மோல்டில் வந்தால் அதிலிருந்து எடுக்கிற ஒவ்வொரு பீஸிலும் அது வரும், ஒவ்வொன்றையும் தேய்த்துச் சரிசெய்யக் கூலி போகும். அதனால்தான் மோல்டு போடும்போது அவசரமே கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

பரப்பு கெட்டதும் எல்லார் கையும் முதலில் போவது ஹார்டனர் பாட்டிலுக்குத்தான். 'குளிருக்கு இன்னும் கொஞ்சம் ஊத்தலாமா அண்ணா?' என்பதுதான் ஷெட்டில் அதிகம் கேட்கிற கேள்வி. ஊத்தக் கூடாது. மலையில் ஜெல்கோட் கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் குளிரும் ஈரமும். அதற்கு மருந்து சூடும் ஈரமில்லாத பரப்பும்தான். ஹார்டனர் அளவைக் கூட்டினால் ஒரு குறை போய் இன்னொரு குறை வரும்.

கீழே எழுதியிருப்பது பாலியெஸ்டர் ஜெல்கோட், எம்.இ.கே.பி. (மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு) ஹார்டனர், கைவேலையாக மேட் (கண்ணாடி இழை விரிப்பு) போடுவது ஆகியவற்றுக்கு.

குறையைத் தேடும் முன் அளந்து பார்க்க வேண்டியவை

பேட்டர்ன் (மோல்டு எடுக்க வைக்கும் மாதிரி உருவம்) பரப்பின் சூட்டை அளக்க வேண்டும். ஷெட் காற்றின் சூடு வேறு, பரப்பின் சூடு வேறு. ராத்திரி முழுக்கக் குளிர்ந்த மரமோ பிளாஸ்டரோ ஷெட் சூடான பிறகும் பல மணி நேரம் குளிராகவே இருக்கும். கையில் பிடித்துக் காட்டினால் சூட்டைச் சொல்லும் தெர்மோமீட்டர் இப்போது எல்லா ஊரிலும் கிடைக்கிறது. காய்ச்சல் பார்ப்பது வேண்டாம், தொழிற்சாலை வகையை வாங்குங்கள். பளபளப்பான பரப்பில் அது தப்பாகக் காட்டும். ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் காட்டிப் பாருங்கள். 18 டிகிரிக்குக் கீழே இருந்தால் அன்று ஜெல்கோட் வேண்டாம். 20க்கு மேல் இருந்தால் நிம்மதியாக வேலை செய்யலாம்.

அடுத்தது ஜெல்கோட்டின் சூடு. குளிர்ந்த ஜெல்கோட் கெட்டியாகிவிடும், பிரஷ்ஷுக்கு இழுக்காது. உடனே யாராவது தின்னரோ அசிட்டோனோ ஊற்றி இளக்குவார்கள். அதைவிடக் கெடுதல் வேறில்லை. ஹார்டனர் சேர்க்கும் முன், மூடிய டின்னை 30, 35 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் உட்கார வையுங்கள், தானாக இளகும். தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது. திறக்கும் முன் மூடியைச் சுற்றித் துணியால் துடைத்துவிடுங்கள். சமவெளியில் அடைத்த டின் மலைக்கு வரும்போது வெளிக்காற்றழுத்தம் குறைவதால் மூடி உப்பியிருக்கும். கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், முகத்தைத் தள்ளி வைத்து மெதுவாகத் திறந்தால் போதும்.

மூன்றாவது கோப்பைச் சோதனை. வேலைக்கு முன் 100 கிராம் ஜெல்கோட்டை அதே ஷெட்டில், அன்று போடப்போகிற அளவு ஹார்டனரோடு கலந்து வைத்து, எவ்வளவு நேரத்தில் இறுகுகிறது என்று பாருங்கள். 10 டிகிரி சூடு குறைந்தால் இறுகும் நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். கீழே 15 நிமிஷத்தில் இறுகியது இங்கே 14 டிகிரியில் அரை மணி ஆகலாம். அந்த நீண்ட நேரத்தில் மெல்லிய படலத்திலிருந்து ஸ்டைரீன் (ரெசினை இளக்கி, இறுகும்போது அதோடு சேரும் திரவம்) ஆவியாகிப் போய்விடும். போன ஸ்டைரீன் திரும்பி வராது. படலம் வேக (உள்ளே வரை இறுக) வேண்டிய அளவு வேகாமலே நின்றுவிடும்.

ஹார்டனர் அளவு எடையில் 1.5 முதல் 2 சதவீதம். ஒரு கிலோவுக்கு 2 சதவீதம் என்றால் 20 கிராம், அதாவது சுமார் 18 மில்லி. 1.2க்குக் கீழே போனால் எவ்வளவு நாள் வைத்தாலும் முழுசாக வேகாது. 3ஐத் தாண்டினால் ஹார்டனரில் கலந்து வரும் எண்ணெய் போன்ற திரவம் படலத்துக்குள்ளேயே தங்கிப் பரப்பை மென்மையாக்கும், நிறத்தை மாற்றும், பின்னால் கொப்புளம் விட வைக்கும். மூடியில் ஊற்றிக் கண் அளவில் பார்ப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்று மெடிக்கல் ஷாப்பில் சில ரூபாய்தான்.

சுருக்கம்: பரப்பு முதலைத்தோல் மாதிரி மடிந்து நிற்பது

மலையில் அதிகம் பார்க்கிற குறை இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மோல்டைப் பிரித்தால் சில இடத்தில் பரப்பு முழுக்கச் சின்னச் சின்ன மடிப்பாக இருக்கும். நடப்பது இதுதான்: ஜெல்கோட் சரியாக வேகாமல் இருக்கும்போது அதன்மேல் அடுத்த கோட்டோ, மேட்டும் ரெசினுமோ வருகிறது. அதிலுள்ள ஸ்டைரீன் அரைவேக்காட்டுப் படலத்துக்குள் ஊறி அதை உப்ப வைக்கிறது. உப்பிய படலத்துக்கு விரிய இடமில்லை, மடிந்துவிடுகிறது.

ஏன் வேகவில்லை என்பதை மடிப்பு எங்கே இருக்கிறது என்பதிலிருந்து கண்டுபிடிக்கலாம்.

மடிப்பு விளிம்பிலும் மூலையிலும் மேட்டு முனையிலும் மட்டும் இருந்தால், அங்கே படலம் மெல்லிசு. பிரஷ் முனையிலிருந்து ஜெல்கோட்டை இழுத்துக்கொண்டு போய்விடும். மெல்லிய படலம் சூட்டைத் தேக்காது, ஸ்டைரீனையும் சீக்கிரம் இழக்கும். மோல்டுக்கு ஈரமாக இருக்கும்போது 0.6 முதல் 0.8 மி.மீ. வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு 0.6 மி.மீ. என்றால் ஏறக்குறைய 700 கிராம் ஜெல்கோட். பேட்டர்னின் பரப்பைக் கணக்குப் போட்டு எடை போட்டு எடுத்துக்கொண்டால், வேலை முடியும்போது கோப்பையில் மிச்சம் இருக்கிறதா என்பதே தடிமனைச் சொல்லிவிடும். பல் வெட்டிய ஈரத் தடிமன் கேஜ் கிடைத்தால் இன்னும் நல்லது. 0.3 மி.மீ.க்குக் கீழே போன இடம் கண்டிப்பாகச் சுருங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மடிப்பு ஒரு பக்கம் பட்டையாக இருந்தால், அந்தப் பக்கம் குளிர்ந்திருக்கிறது. ஒரு அன்னப் படகின் கழுத்து மோல்டை இப்படிப் பார்த்தேன். ஒரே கலவை, ஒரே ஆள், ஒரே பிரஷ். வலது பக்கம் கண்ணாடி மாதிரி வந்திருந்தது. இடது பக்கம் தலையிலிருந்து தோள் வரை ஒரு கை அகலத்துக்கு மடிப்பு. பேட்டர்ன் நின்ற இடத்தைப் போய்ப் பார்த்தால், இடது பக்கம் வெளிச்சுவரிலிருந்து ஒரு முழம். சுவர் கருங்கல், ராத்திரி மழையில் ஊறிய சுவர். காலை பத்து மணிக்கும் அந்தப் பக்கம் 12 டிகிரி, எதிர்ப்பக்கம் 17. ஷெட் நடுவில் தள்ளி வைத்து, சுற்றித் தார்ப்பாய் கட்டி, எண்ணெய் நிரப்பிய ரூம் ஹீட்டரை உள்ளே விட்டு ராத்திரி முழுக்கச் சூடாக்கிவிட்டுப் போட்ட அடுத்த மோல்டில் மடிப்பே இல்லை. ஹார்டனர் அளவை மாற்றவே இல்லை.

மடிப்பு குழியான இடத்தில், தாழ்வான அடியில் இருந்தால் ஸ்டைரீன் ஆவியைச் சந்தேகப்படுங்கள். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. படகு வயிறு போன்ற ஆழமான இடத்தில் தேங்கி நின்று, கீழே உள்ள ஜெல்கோட்டை வேகவிடாது. சின்ன ஃபேனைத் தூரத்தில் வைத்து மெதுவான காற்று அந்த ஆழத்தைக் கலைக்கும்படி விடுங்கள். நேராக முகத்தில் அடிக்கிற மாதிரி வைத்தால் பரப்பில் இருக்கிற ஸ்டைரீனும் போய்விடும்.

அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திட்டுத் திட்டாக மடிப்பு இருந்தால், கலக்கியது போதவில்லை. கோப்பையின் ஓரத்திலும் அடியிலும் ஹார்டனர் படாத ஜெல்கோட் ஒட்டியிருக்கும், கடைசியில் அதைத்தான் வழித்துப் பூசியிருப்பார்கள். ஒரு கோப்பையில் கலக்கி, வேறொரு சுத்தமான கோப்பைக்கு மாற்றி, மறுபடி ஒரு நிமிஷம் கலக்கினால் இது வரவே வராது.

அடுத்த கோட்டோ மேட்டோ எப்போது போடலாம்? விரலால் அழுத்திப் பாருங்கள். ஒட்ட வேண்டும், ஆனால் விரலில் எதுவும் வரக் கூடாது. காற்றுபடும் பக்கம் ஒட்டிக்கொண்டே இருப்பது பாலியெஸ்டரின் இயல்பு. காற்றிலுள்ள ஆக்சிஜன் மேல்தோலை வேகவிடாது, அந்த ஒட்டல்தான் அடுத்த கோட்டைப் பிடிக்கும். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், தாழ்வான, மெல்லிசான, குளிர்ந்த இடமாகப் பார்த்து அங்கே விரலை வையுங்கள். அங்கே தயாராகிவிட்டால் மற்ற இடம் எல்லாம் தயார்.

வந்துவிட்ட சுருக்கத்தைத் தேய்த்துச் சரிசெய்ய முடியுமா என்று கேட்பார்கள். உள்ளங்கை அளவென்றால் முடியும், கடைசியில் சொல்கிறேன். பட்டையாக வந்திருந்தால் மோல்டைக் கைவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் லாபம்.

வெள்ளை மூட்டம், மங்கல் திட்டு

பிரித்த மோல்டில் பால் தெளித்த மாதிரி வெளுப்பு, அல்லது மினுக்கம் செத்த திட்டு. மழை மாதங்களில்தான் அதிகம் வரும். ஊட்டிக்கும் கூடலூருக்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலுக்கு அக்டோபர், நவம்பர்.

காரணம் கண்ணுக்குத் தெரியாத பனிநீர். ஷெட் 18 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்றால், 16 டிகிரிக்குச் சற்று மேலேயே காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும். பேட்டர்ன் 14 டிகிரியில் இருந்தால் அதன்மேல் நீர் படிந்துவிட்டது என்றே அர்த்தம். பார்க்கத் தெரியாது. மோல்டு ஒட்டாமல் பிரிவதற்காக வேக்ஸ் போட்ட பரப்பில் சுத்தமான கறுப்புத் துணியை வைத்து ஒரே இழுப்பாக இழுத்துப் பாருங்கள், பின்னால் ஒரு தடம் தெரிந்து மறைந்தால் ஈரம் இருக்கிறது. பரப்பின் சூடு, நீர் படியும் சூட்டைவிட 3 டிகிரியாவது கூட இருக்க வேண்டும். ஈரப்பதமும் சூடும் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று ஷெட் சுவரில் தொங்கினால் இதை யூகிக்க வேண்டியதில்லை.

கதவைத் திறந்து 'காத்து வரட்டும்' என்று விடுவது சமவெளிப் பழக்கம். மூடுபனி ஏறி வருகிற மதியத்தில் கதவைத் திறப்பது ஈரத்தைக் கூப்பிட்டு உட்கார வைப்பதுதான். கேஸ் ஹீட்டரும் வேண்டாம். கேஸ் எரிந்தால் நீராவி வரும், அறை சூடாகும், கூடவே ஈரமும் ஏறும். அதோடு ஸ்டைரீன் ஆவி 31 டிகிரிக்கு மேலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு எழும்பும். பிரஷ் கழுவும் அசிட்டோனுக்கு எந்தக் குளிரும் தடையில்லை. தீக்கொழுந்தோ சிவந்த கம்பியோ வேலை நடக்கும் ஷெட்டில் இருக்கவே கூடாது. குளிருக்குக் கரி கணப்பு வைத்துக் கதவை அடைப்பது இங்கே பல வீட்டுப் பழக்கம். அதில் உயிர்போன செய்திகள் வராத குளிர்காலம் குறைவு. ஷெட்டுக்குள் கணப்பைக் கொண்டுவர யாரையும் அனுமதிக்காதீர்கள்.

பி.வி.ஏ. (ஒட்டாமல் பிரிய வேக்ஸ் மேல் பூசும் திரவம்) பூசுகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அது தண்ணீரும் ஆல்கஹாலும் கலந்தது. கீழே கால் மணியில் காய்வது மழைநாளில் இங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். மேலே தோல் பிடித்து உள்ளே ஈரமாக இருக்கும்போது ஜெல்கோட் போட்டால் அந்த நீர் ஜெல்கோட்டுக்குள்தான் போகும். மெல்லிசாக இரண்டு மூன்று தடவை பூசுங்கள், ஒவ்வொன்றும் முழுசாகக் காய்ந்த பிறகு அடுத்தது.

வேக்ஸும் அப்படித்தான். குளிரில் அதன் கரைப்பான் மெதுவாகத்தான் போகும். புது பேட்டர்னுக்கு நாலிலிருந்து ஆறு கோட் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு மணி நேரம் விட்டால் தப்பில்லை.

பொடித்துளைகள்

ஊசி குத்திய மாதிரி சின்னத் துளைகள், தேய்க்கத் தேய்க்கப் புதிது புதிதாகத் திறக்கும். உள்ளே காற்றுக்குமிழ் அடைபட்டிருக்கிறது. கெட்டியான குளிர் ஜெல்கோட்டில் குமிழ் மேலே ஏற முடியாது என்பதால் வெந்நீர்க் குளியல் இதற்கும் உதவும். டிரில்லில் கலக்கியை மாட்டி வேகமாகச் சுற்றினால் காற்றைத்தான் அடித்துக் கலக்குகிறோம். தட்டைக் குச்சியால், மேலே தூக்காமல், நிதானமாகக் கலக்குங்கள். தின்னர் சேர்த்த ஜெல்கோட்டில் தின்னர் வெளியேறும் வழியே துளையாக நிற்கும். இளக்கியே ஆக வேண்டுமென்றால் ஸ்டைரீன் மட்டும், அதுவும் 5 சதவீதத்துக்குள்.

ஸ்பிரே அடிக்கிறவர்களுக்கு மலையில் இரண்டு கூடுதல் தொல்லை. ஒன்று, கம்ப்ரசர் இழுப்பது ஈரக்காற்று. டேங்கில் தண்ணீர் சேர்ந்துகொண்டே இருக்கும். காலையிலும் மதியமும் அடி வால்வைத் திறந்து வடித்துவிடுங்கள், ஸ்பிரே கன்னுக்கு முன்னால் நீர்ப்பிரிப்பான் கட்டாயம். இன்னொன்று, ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே கம்ப்ரசர் இங்கே அவ்வளவு காற்றைத் தராது. பாதி வேலையில் அழுத்தம் இறங்கி, ஜெல்கோட் பொட்டுப் பொட்டாகத் துப்பும். டேங்க் நிறையக் காத்திருந்து, சின்னச் சின்னப் பகுதியாக அடியுங்கள். பெயிண்ட் கன்னின் 1.4 மி.மீ. நாசில் ஜெல்கோட்டுக்குப் போதாது, 2 மி.மீ.க்கு மேல் வேண்டும்.

மரப் பேட்டர்னில் மட்டும் வருகிற ஒரு வகைத் துளை உண்டு. தேயிலைத் தோட்டத்தில் வெட்டிய சில்வர் ஓக் இங்கே சுலபமாகக் கிடைக்கும், சரியாகக் காய்ந்திருக்காது. ஜெல்கோட் போட்ட பிறகு பேட்டர்னைச் சூடாக்கினால், மரத்துளைகளில் உள்ள காற்றும் ஈரமும் விரிந்து பிரைமரின் ஓட்டை வழியாகக் குமிழாக வெளியே வரும். அதனால் சூடாக்குவதை ஜெல்கோட்டுக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். பேட்டர்ன் மெல்ல ஆறத் தொடங்கும் நேரத்தில் பூசினால் அது காற்றை வெளியே தள்ளாது. பிரைமரும் ஹார்டனர் கலந்து பூசும் டூ-கே வகையாக இருக்கட்டும். சாதாரண என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டை ஸ்டைரீன் கரைத்துவிடும், அப்போது பேட்டர்னே சுருங்கும், குறை ஜெல்கோட்டில் வந்த மாதிரித் தெரியும்.

மீன்கண்

ஜெல்கோட் வட்டமாக விலகி, நடுவில் பேட்டர்ன் தெரியும். பூசிய சில நிமிஷத்திலேயே தெரிந்துவிடும் என்பது ஒரு வசதி. சிலிக்கான் கலந்த கார் பாலிஷ், கம்ப்ரசர் எண்ணெய், வியர்வைக் கை, துடைக்காமல் விட்ட வேக்ஸ், இவற்றில் ஒன்று. பிரஷ்ஷால் அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், மறுபடி விலகும். இறுகும் முன் மொத்தமாக வழித்துவிட்டு, பரப்பைச் சுத்தம் செய்து, வேக்ஸிலிருந்து ஆரம்பியுங்கள். பொருள் நஷ்டம்தான், மோல்டு நஷ்டத்தைவிடக் குறைவு.

வழிதல், நிறக்கோடு

செங்குத்துப் பரப்பில் திரை தொங்கிய மாதிரி வழிந்தால், ஒரே கோட்டில் தடிமனாகப் போட்டிருக்கிறார்கள், அல்லது இறுக நேரம் எடுத்திருக்கிறது. இரண்டு கோட்டாகப் பிரியுங்கள். நிறம் கோடு கோடாகப் பிரிந்தால் டின் அடியில் தங்கிய நிறத்தைக் கலக்காமல் மேலே இருந்ததை ஊற்றியிருக்கிறார்கள். மோல்டுக்கு, எடுக்கப்போகிற பீஸிலிருந்து மாறுபட்ட நிறம் வையுங்கள். கறுப்போ பச்சையோ இருந்தால் பீஸ் போடும்போது வெள்ளை ஜெல்கோட் மெல்லிசாக இருக்கும் இடம் பளிச்சென்று தெரியும்.

முன்னாலேயே உரிந்துவிடுவது

மேட் போடும் முன்போ போட்ட கொஞ்ச நேரத்திலோ ஜெல்கோட் பேட்டர்னை விட்டுக் கிளம்பி நிற்கும். பிரித்த பிறகு அந்த இடம் அலையடித்து, மினுக்கம் மாறியிருக்கும். பாலியெஸ்டர் இறுகும்போது சுருங்கும். ஹார்டனர் கூடினால் சுருங்குவது வேகமாகவும் ஏற்றத்தாழ்வாகவும் நடக்கும். குளிருக்குப் பயந்து 3 சதவீதம் ஊற்றியவர்களிடம் இந்தக் குறையைத்தான் அதிகம் பார்க்கிறேன். இன்னொரு காரணம், ஜெல்கோட்டைப் போட்டுவிட்டு அடுத்த நாள் மதியம் வரை விட்டுவிடுவது. ராத்திரி குளிரில் இழுத்து, காலை வெயில் தகரக் கூரையில் அடித்ததும் விரிந்து, விளிம்பில் கிளம்பிவிடும். காலையில் ஆரம்பித்து, ஜெல்கோட்டும் முதல் மேட்டும் அதே நாளில் முடியும்படி திட்டமிடுங்கள்.

ஜெல்கோட்டுக்குப் பின்னால் காற்றுப்பை

பிரித்தபோது பரப்பு நன்றாகவே இருக்கும். வெயிலில் வைத்ததும் கொப்புளம் எழும், நகத்தால் தட்டினால் பொத்தென்று சத்தம் வரும், உடைந்தால் பின்னால் வெற்றிடம். முதல் மேட் மூலையில் உட்காராமல் பாலம் போட்டிருக்கிறது. மூலைகளில் 300 கிராம் (சதுர மீட்டருக்கு) மேட்டைக் கிழித்து, ரெசினில் ஊற வைத்து, பிரஷ் நுனியால் குத்திக் குத்தி உட்கார வையுங்கள். கூர்மூலைக்கு, ரெசினில் நூல் துணுக்கைக் கலந்து முதலிலேயே நிரப்பிவிடலாம். முதல் மேட்டை மட்டும் போட்டுவிட்டு ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் வெற்றிடம் உள்ள இடம் சத்தத்தில் தெரியும், அறுத்து நிரப்ப அதுதான் நேரம்.

வேக்கூம் பேக் (உறை போட்டு, உள்ளே உள்ள காற்றைப் பம்பால் உறிஞ்சி அழுத்துவது) போடுகிறவர்களுக்கு ஒரு செய்தி. ஊட்டியில் கேஜ் 23 அங்குலத்தை (பாதரச அளவு) தாண்டாது. கீழே 28 பார்த்தவர்கள் கசிவு என்று நினைத்து மணிக்கணக்கில் டேப்பை மாற்றிக்கொண்டிருப்பார்கள். வெளியே இருக்கிற காற்றழுத்தமே அவ்வளவுதான், அதற்கு மேல் எந்தப் பம்பும் காட்டாது. கசிவைப் பார்க்க வேண்டுமென்றால் பம்பை நிறுத்திவிட்டு முள் இறங்குகிறதா என்று பாருங்கள்.

நெய்தல் தடம்

மினுக்கமான பரப்பில் சாய்த்துப் பார்த்தால் உள்ளே இருக்கும் துணியின் நெசவு தெரியும். ஜெல்கோட்டுக்கு அடுத்தே, தடித்த இழையில் நெய்த ரோவிங் துணியைப் போட்டிருப்பார்கள், அல்லது ஒரே நாளில் ஆறேழு அடுக்கு ஏற்றியிருப்பார்கள். அந்தச் சூட்டில் ரெசின் சுருங்கி நெசவை இழுத்துக் காட்டும். முதலில் சர்ஃபேஸ் டிஷ்யூ (மெல்லிய இழைத்தாள்), பிறகு 300 கிராம் மேட், ஒரு ராத்திரி ஓய்வு, அப்புறம் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று அடுக்கு. ரோவிங் வேண்டுமென்றால் நடுவில் போகட்டும்.

இங்கே இன்னொரு வழியிலும் தடம் வருகிறது. மலையில் பிரித்த மோல்டு அப்போது நன்றாகவே இருக்கும். அதைச் சமவெளிக்கு அனுப்பினால், 38 டிகிரி வெயிலில் மீதி வேக்காடு நடந்து நெசவு எழும்பும். குளிரில் போட்ட மோல்டு தானாக முழுசாக வேகாது. பேட்டர்னிலேயே ஒட்டியிருக்கும்போது, சுற்றித் தார்ப்பாய்க் கூடாரம் கட்டி, 40 டிகிரியில் 16 மணி நேரம் வைத்துவிடுங்கள். மெதுவாக ஏற்றி மெதுவாக இறக்க வேண்டும். இதைச் செய்யாத மோல்டை நான் முடிந்த மோல்டாகவே கணக்கில் எடுப்பதில்லை. வெந்ததா என்று பார்க்க, விளிம்பில் வெட்டிப்போடும் இடத்தில் அசிட்டோன் நனைத்த துணியால் அரை நிமிஷம் தேய்க்கலாம். நிறம் துணியில் வந்தாலோ பரப்பு ஒட்டினாலோ இன்னும் வேகவில்லை.

விரிசல்

நட்சத்திரம் மாதிரி ஒரு புள்ளியிலிருந்து விரிந்தால் பின்பக்கம் சுத்தியல் அடி விழுந்திருக்கிறது. வரிசையாக இணைகோடாக ஓடினால் மோல்டு அங்கே வளைகிறது, அதாவது மெல்லிசு, பின்னால் மரச்சட்டமோ குழாயோ வைத்துக் கட்ட வேண்டும். வழிந்து தேங்கிய மூலையில் விரிந்தால் ஜெல்கோட் அங்கே 1 மி.மீ.க்கு மேல் போயிருக்கிறது. பிரிக்கும்போது சுத்தியலுக்குப் பதில் பிளாஸ்டிக் ஆப்பும் தண்ணீரும் பயன்படுத்துங்கள். பி.வி.ஏ. போட்டிருந்தால் ஆப்பின் இடைவெளியில் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றினால் அதுவே கரைந்து விடுவித்துவிடும்.

ஹார்டனரைக் கையாளும்போது

இதைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. எம்.இ.கே.பி. கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். உடனே, அந்த நொடியே, ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கண்ணாடி போடாமல் யாரும் அளக்கக் கூடாது. ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்ஸிலரேட்டரையும் ஹார்டனரையும் நேராகச் சேர்த்தால் வெடிக்கும். கோபால்ட் முதலில் ரெசினில் முழுசாகக் கலந்த பிறகே ஹார்டனர். ஹார்டனரைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பதும் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவருவதும் வேண்டவே வேண்டாம்.

சின்னக் குறையை அடைப்பது

துளை, சின்னச் சுருக்கம், தட்டிய விளிம்பு ஆகியவற்றை மோல்டிலேயே சரிசெய்யலாம். வேகாத ஜெல்கோட் முழுக்கப் போகும் வரை சுரண்டி, ஓரத்தைச் சாய்வாகத் தேய்த்து, அசிட்டோனால் துடைத்துக் காய விடுங்கள். வேக்ஸ் ஒரு துளி இருந்தாலும் ஒட்டாது. அதே டின் ஜெல்கோட்டை அதே 2 சதவீதத்தில் கலந்து, பரப்பைவிடக் கொஞ்சம் மேடாக நிரப்பி, மேலே ஓ.எச்.பி. ஷீட் (தெளிவான பிளாஸ்டிக் தாள்) ஒன்றைக் குமிழ் இல்லாமல் படிய வைத்து டேப் போடுங்கள். காற்றுபடாததால் மேலேயும் இறுகிவிடும். அந்த இடத்துக்கு மேல் ஒரு பல்பைத் தூரமாகக் கட்டித் தொங்கவிட்டு 25, 30 டிகிரியில் ராத்திரி முழுக்க விடுங்கள். இவ்வளவு குறைந்த ஜெல்கோட் தன் சூட்டில் தானாக வேகாது.

மறுநாள் ஷீட்டை உரித்து, 400ல் ஆரம்பித்து 600, 800, 1000, 1200, 1500 என்று வாட்டர் பேப்பரில் கட்டை வைத்துத் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டில் மினுக்கம் ஏற்றுங்கள். விரலால் தேய்த்தால் குழி விழும். தேய்த்த இடத்தில் பழைய வேக்ஸ் எதுவும் மிச்சமிருக்காது. அதற்கு மறுபடி ஆறு கோட் வேக்ஸ் போட்டு, முதல் இரண்டு மூன்று பீஸுக்கு பி.வி.ஏ.யும் சேர்த்துப் பூசி எடுங்கள்.